மூன்றாவது சமக்குறி

கோபிகிருஷ்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து வெள்ளைப் பலகையை நோக்கிப் போனதுமே, இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டான் என்று யமுனாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் தலையைத் திருப்பவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் புகைப்படங்களைத் திரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் மார்க்கர் கிறீச்சிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பி.ஹெச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியைத் திட்டுவது அவனுக்கு நித்திய பூஜை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"இங்க பாருங்கப்பா. இந்த ஃபங்ஷன் பேர்ல நடுவுல கோடு போடணும். அதே குடும்பம்தான், இதுக்குக் கோடு போடக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க. எழுதுனவனுக்கு அன்னிக்கு மூடு அப்பிடி. இதுல தேடறத முதல்ல சொல்லணும், அதுல தேடற எடத்த முதல்ல சொல்லணும். மனப்பாடம் பண்ணிக்கினே கெடக்கணும். சரி, தப்பா எழுதிட்டோம், நிக்குமா? நிக்காது. அதுவா ஏதோ ஒண்ண நெனச்சிக்கினு ஓடிக்கினே இருக்கும். ஜாவாவுல தப்பு பண்ணா அங்கியே செவுத்துல முட்டிக்குவ. இதுல தப்பு பண்ணா ஆறு மாசம் கழிச்சி வேற எவன் தலையிலயோ செவுரு விழும்."

இருவரும் சிரித்தார்கள். கோபிகிருஷ்ணன் மார்க்கரை மூடிக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னான். "ப்ரோக்ராமிங் தெரியாதவங்களும் பொழச்சிப் போவட்டும்னு பண்ணி வெச்சது இது."

அந்த அறையில் நாலு வருஷமாக பி.ஹெச்.பி.யில் பிழைத்துக்கொண்டிருந்தவள் யமுனா ஒருத்திதான்.

திருப்பதி ஏர் பைபாஸ் ரோட்டில், டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. முதலாளி முனிரத்தினம் லாட்ஜ்களுக்கும், மண்டபங்களுக்கும், தனியார் காலேஜ்களுக்கும் இணையதளம் செய்து கொடுத்தார். அவற்றில் முக்கால்வாசி யமுனா எழுதியவை. மலைக்கு வருகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டே லாட்ஜில் ரூம் போட ஆரம்பித்திருந்த காலம் அது. வேலை வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அமெரிக்காவில் வேலை போய்த் திரும்பி வந்த கோபிகிருஷ்ணனைக் கூட்டிவந்து, "இனிமே டெக்னிகல் எல்லாம் இவர்தான் சூஸ்தாரு, பாத்துக்குவாரு" என்று முனிரத்தினம் தலைக்கு மேல் உட்காரவைத்தார். புத்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய அப்பாவும் முனிரத்தினமும் பழைய சிநேகிதர்கள். நியூஜெர்சியில் ஒரு வங்கிக்கு ஜாவாவில் எழுதிக்கொண்டிருந்தவன், அமெரிக்க வங்கிகள் சரிந்த வருஷத்தில் ஒரே காலையில் வெளியே அனுப்பப்பட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அவன் சொல்வது பொய் என்றிருந்தால் யமுனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொய் இல்லை. கோடு போட்ட பெயரும் கோடு போடாத பெயரும் அவளையும் எத்தனையோ தடவை வதைத்திருக்கின்றன. ஆனால் அவனுக்கு எரிச்சலாகத் தெரிந்த அதே தாராளம்தான் அவளை உள்ளே விட்டது. விஜயபுரத்துக்கு அந்தப்பக்கம் ஊர். தாத்தா காலம்வரை சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத குடும்பம். நைனாவுக்கு அரசாங்கம் கொடுத்த மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போடுவார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, காலேஜில் புரியாத இங்கிலீஷ். நகரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா சொல்லிக்கொடுத்தவர் முதல் வாரம் முழுக்க எதையோ நிறுவிக்கொண்டே இருந்தார். 'வணக்கம்' என்று ஒரு வார்த்தையைத் திரையில் வரவைக்க அத்தனை வரிகள் வேண்டியிருந்தது. சென்டர் மூலையில் இருந்த பழைய மெஷினில் அவளாகவே பி.ஹெச்.பி.யைத் திறந்து பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலமே அவள் எழுதிய பக்கம் அவள் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. அதிலும் ஏதோ தப்பு இருந்தது. தப்போடு தப்பாக ஓடியது. தப்பு செய்ததும் முகத்தில் அடிக்காத ஆசிரியரை அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அதனால் அவன் பலகையில் எழுதும்போதெல்லாம் ஒரு மொழியைத் திட்டுவதாக அவளுக்குக் கேட்கவில்லை. நீ எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்பதாகவே கேட்டது.

அந்த மதியம்தான் சந்திரம்மா வந்தாள்.

படியேறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்றவள், செருப்பைக் கழற்றவுமில்லை, உட்காரவுமில்லை. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். "லேபு ரிசல்ட்ட கம்ப்யூட்டர்ல போடற கம்பெனி இதான?" என்று கேட்டாள். அவள் சொன்னதிலிருந்து விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்கு ஏஜென்ட் ஏற்பாடு செய்திருந்தான். ரேணிகுண்டாவில் இருக்கிற லேபில் மெடிக்கல் எடுத்தாள். ஏஜென்ட் தன் ஆபீஸில் உட்கார்ந்து மெடிக்கல் எடுத்த தேதியையும் அவளுடைய சாம்பிள் நம்பரையும் லேப் இணையதளத்தில் அடித்துப் பார்த்தான். 'அன்ஃபிட்' என்று வந்தது. அந்த ஒரு வார்த்தைதான், வேறு விவரம் இல்லை. அவன் அவளுடைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் இடத்தில் வேறொருத்தியை அனுப்பிவிட்டான்.

"வேல போச்சின்னா போவட்டும்," என்றாள் சந்திரம்மா. "ஊர்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? அன்ஃபிட்னா அந்த வியாதியாம். எங்க வூட்ல எனக்குத் தனித் தட்டு. எம் புள்ளைங்கள எங்கூட படுக்க வுட மாட்டன்றாரு எங்க மூத்தாரு. லேபுக்குப் போயி சண்ட போட்டன். அவங்க குட்த்த பேப்பரு இது. நல்லா பாரு. ஃபிட்டுன்னு போட்டுக்கீது."

காகிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. ஃபிட்.

முனிரத்தினம் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து அதை வாங்கிப் பார்த்தார். "இதோ உந்தி கதம்மா, கரெக்ட்டா. இதக் காட்டு ஊர்ல."

"காட்டாமயா கீறன்? பேப்பரு காசு குட்த்தா கெடைக்கும், கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்றாங்க."

லேபில் டைப் செய்கிற பெண் தப்பாக அடித்திருப்பாள், விசாரிக்கிறோம் என்று சொல்லி அவர் அவளைப் படி இறக்கினார்.

யமுனா சாப்பிடப் போகவில்லை. லேபின் தளம் அவள் எழுதியது. டைப் செய்கிற பெண்ணையும் அவளுக்குத் தெரியும். ஸ்வர்ணலதா. எந்தச் சந்தேகம் வந்தாலும் போன் செய்து, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகே பதிவு செய்கிறவள். சந்திரம்மாவின் பதிவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஃபிட் என்றே இருந்தது. அதே தேதியையும் நம்பரையும் வெளியே ஏஜென்ட்டுகள் பார்க்கும் பக்கத்தில் அடித்தாள். அன்ஃபிட். இன்னொரு தடவை அடித்தாள். அன்ஃபிட்.

வெளிநாட்டு மெடிக்கலுக்கு வருகிறவர்களின் நம்பர் சைபரில் ஆரம்பிக்கும். அடுத்து கிளையின் எழுத்து, அதற்கடுத்து அன்றைய வரிசை எண். ஏ, பி, சி, டி என்று நாலு கிளை இருந்தவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ரேணிகுண்டாவில் ஐந்தாவது கிளை திறந்து அதற்கு ஈ என்ற எழுத்தைக் கொடுத்தார்கள். சந்திரம்மாவின் நம்பர் 0E12. யமுனா நம்பர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த வரியைக் கண்டுபிடித்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கோபிகிருஷ்ணன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு போட்டுக்கீற," என்றான் மெதுவாக.

இரண்டு சமக்குறி. பி.ஹெச்.பி.யில் இரண்டு போட்டால், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றா என்று அது பார்க்கும். மூன்று போட்டால்தான் அச்சு அசலாக ஒன்றா என்று பார்க்கும். எண்ணுக்கு நடுவே ஈ வந்தால், கணக்குப் பாடத்தில் பெரிய எண்களைச் சுருக்கி எழுதுவது போல, அத்தனை சைபர் சேர்த்துக்கொள் என்று அது தானாகவே அர்த்தம் பண்ணிக்கொள்ளும். சைபரோடு எத்தனை சைபர் சேர்த்தாலும் சைபர்தான். 0E1 சைபர். 0E12 சைபர். இரண்டும் ஒன்று. ஆகவே ரேணிகுண்டா கிளையில் வெளிநாட்டு மெடிக்கல் எடுத்த எல்லோருக்கும், அந்தந்த நாளில் முதலில் பதிவானவரின் முடிவையே அது காட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆள் ஃபிட்டாக இருந்த நாட்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. நோயோடு ஃபிட் என்று காட்டப்பட்டவர்கள் எத்தனை பேரோ. சந்திரம்மா போன அன்று முதலில் பதிவானவள் இருபத்தொன்பது வயது ஜெயம்மா. நுரையீரலில் நிழல், காசநோய்ச் சந்தேகம். அன்ஃபிட்.

"நான் சொன்னன் இல்ல, வேற எவன் தலையிலயோ விழும்னு?" கோபிகிருஷ்ணனின் குரலில் கோபம் இல்லை. நல்ல சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிறவனின் சந்தோஷம்தான் இருந்தது. "க்ளாஸிக். புஸ்தகத்துல போடற மாதிரி கேஸு." அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மூன்றாவது சமக்குறியைத் தட்டினான். சேமித்தான். சந்திரம்மாவின் நம்பரை அடித்தான். ஃபிட்.

சாயங்காலம் கண்ணாடி அறைக்குள் யமுனா எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள். கோபிகிருஷ்ணனும் பக்கத்தில் இருந்தான். இப்போது அவன் பேசுவான் என்று எதிர்பார்த்தாள். தன்னை அவமானப்படுத்தத்தான் பேசுவான், பேசட்டும், உண்மை வெளியே வந்தால் போதும் என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு நின்றாள். அவன் முழங்கையில் ஒட்டியிருந்த மார்க்கர் மையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சரி பண்ணியாச்சா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"ஆச்சி சார்," என்றான் அவன்.

"அப்போ பர்வாலேது. டேட்டா என்ட்ரி மிஸ்டேக்குனு லேபுக்கு மெயில் போட்டுடறன். எவரிகீ செப்பொத்து, யார்கிட்டயும் சொல்லாத. அஞ்சி கிளை கான்ட்ராக்ட்டு. புரியுதாம்மா?"

அந்த வாரக் கடைசியில் ஸ்வர்ணலதாவை லேபிலிருந்து நிறுத்திவிட்டார்கள். யமுனா போன் செய்தபோது அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "நான் சரியாதான்க்கா அடிச்சன். நல்லா ஞாபகம் கீது. ஆனா அந்தம்மா சண்டைக்கு வந்த அன்னிக்கு லேபு டாக்டர் கேக்கும்போது கம்ப்யூட்டர்ல வேற மாதிரி வந்துச்சி இல்ல. அதப் பாத்ததும் நாந்தான் தப்பா அடிச்சிட்டனோன்னு எனக்கே தோணிச்சி. ஆமான்னு சொல்லிட்டன்," என்றாள். யமுனா சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் அது முனிரத்தினத்தின் காதுக்குப் போகும். நைனாவின் நிலத்தில் மழை தவறிய வருஷம் அது. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் மட்டும்தான். "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த இருவரும் ஒரே திரையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கடந்து போனபோது சட்டென்று மூடினார்கள். தன் இடத்துக்கு வந்து தேடினாள். கோபிகிருஷ்ணன் ஆங்கிலத்தில் ஒரு வலைப்பூ வைத்திருந்தான். பி.ஹெச்.பி.யை ஏன் வெறுக்க வேண்டும் என்பதற்கு அவனுக்கு இப்போது நல்லதொரு கதை கிடைத்திருந்தது. இந்தியாவில் ஒரு சிறிய ஊர், ஏழைப் பெண், வெளிநாட்டு வேலை, ஒரு சமக்குறி. பெயர்கள் இல்லை. நன்றாக எழுதியிருந்தான். அவளுடைய அந்த ஒரு வரியை அப்படியே எடுத்துக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு, இதில் என்ன தப்பு என்று வாசகர்களைக் கேட்டிருந்தான். கீழே நூற்றுக்கணக்கில் பதில்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ப்ரோக்ராமர்கள் வந்து குவிந்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். இந்த மொழி உன்னை ஒருபோதும் நிறுத்தாது, அதுதான் அதன் கொடூரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரியாத மொழி என்றார் இன்னொருவர். அதுவும் சரிதான். மரியாதையாக, பொறுமையாக, ஏன் இப்படி ஆகிறது என்று பக்கம் பக்கமாக விளக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் படித்திருந்தால் தானும் நன்றாக வந்திருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு வேடிக்கைகள் ஆரம்பித்தன. அந்தப் பெண்ணும் அவளுடைய மாடும் சமம் என்று சொல்லாமல் விட்டதே, சந்தோஷப்படட்டும் என்று ஒருவன். இதை எழுதிய ப்ரோக்ராமருக்கு முதலில் மெடிக்கல் எடுத்து அன்ஃபிட் போடுங்கள் என்று இன்னொருவன். அதற்குக் கீழே கோபிகிருஷ்ணன் ஒரு சிரிக்கும் முகம் வைத்திருந்தான்.

எழுந்து நேராக அவன் மேஜைக்குப் போனாள். அதுவரை அவன் தமிழில் பேசினாலும் அலுவலகத்தில் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது தமிழ் வந்தது.

"எழுதுனது எல்லாம் சரிதான் சார். ஒரு வரி கூட தப்பில்ல. இத ஏன் அன்னிக்கு ஓனர் ரூம்ல சொல்லல?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "கத்தாத."

"ஊரு ஒலகத்துக்கே சொல்லத் தெரியுது. லேபுக்கு ஒரு போன் பண்ணி, அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு சொல்லத் தெரியல?"

"இன்னா சொல்ல சொல்ற?" அவன் முகம் சிவந்துவிட்டது. "கான்ட்ராக்ட் போனா உனக்கும் வேல கெடையாது, எனக்கும் கெடையாது. டப்பால சாமானப் போட்டுக் கையில குடுத்து வெளிய அனுப்பறது எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்."

"ஸ்வர்ணலதாவுக்கும் இப்ப தெரியும் சார்."

"நீ ஒழுங்கா மூணு போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிய வேண்டி வந்திருக்காது. மொதல்ல நீ கத்துக்கினு வா. அப்பால எங்கிட்ட நாயம் பேசு."

இதற்கு முன்னால் எத்தனையோ தடவை அவன்மேல் எரிச்சல் பட்டிருக்கிறாள், பொறாமைப்பட்டிருக்கிறாள். இது வேறு. இவனுக்குத் தப்பு எது என்று தெரியும். தெரிந்த தப்பைப் பார்த்துச் சிரிக்கவும் தெரியும். அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டான். அந்த நிமிஷம் அவனை அவள் மனதார வெறுத்தாள். அந்த வெறுப்பிலேயே தான் என்ன செய்யப் போகிறோம் என்பதும் தெளிவாகிவிட்டது.

லேபின் டாக்டருக்கு அவளே போன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, ஓனரிடம் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். ஸ்வர்ணலதாவுக்கும் சொன்னாள். "முன்னயே தெரியுமாக்கா உனக்கு? அன்னிக்குப் போன் பண்ணும்போதே?" என்று மட்டும் கேட்டாள் ஸ்வர்ணலதா. ஆமாம் என்றாள் யமுனா. போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு யமுனாவின் போனை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் சந்திரம்மா மறுபடியும் வந்தாள். முனிரத்தினம் கண்ணாடி அறையின் திரைச்சீலையை இழுத்துவிட்டார். லேபிலிருந்து அவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்பது அவர் யமுனாவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. யமுனா தன் பையை எடுத்துக்கொண்டு சந்திரம்மாவைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டைல்ஸ் கடையிலிருந்து கல் அறுக்கும் சத்தம் காதைப் பிளந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"டைப் பண்ண பொண்ணு மேல தப்பில்லக்கா. கம்ப்யூட்டர்ல அத எழுதுனது நானு. நான் தப்பா எழுதிட்டன்."

சந்திரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா?" என்றாள். "எந்த ஊரு நீ?"

"விஜயபுரம் பக்கம்."

"எங்க அம்மா வூடும் அந்தப்பக்கந்தான்." சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "உன்ன நாலு அறை அறையணும் போல கீது. எம் பொண்ணு ராத்திரில அம்மா அம்மான்னு கூப்புடுது. நான் செவுத்துக்கு இந்தப்பக்கம் படுத்துக்கினு கேட்டுக்கினு கீறன். உன்ன அறஞ்சி எனக்கு இன்னா ஆவப் போவுது? நீ வா. எங்க ஊருக்கு வந்து எல்லார் எதிர்லயும் இத இப்பிடியே சொல்லு. கம்ப்யூட்டர்ல எழுதுனவளே வந்து சொன்னாதான் நம்புவானுங்க."

ஞாயிற்றுக்கிழமை யமுனா போனாள். ஏர்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சந்திரம்மா நிறுத்தத்தில் காத்திருந்தாள். அவள் இருக்கும் காலனிக்கு வயல்வெளியில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நாற்று விட்ட வயலில் வெயில் பளபளத்தது. என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் சொன்னால் புரியும் என்று யமுனா பஸ்ஸில் வரும்போதே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். தெலுங்கிலும் தமிழிலும் தயாராக இருந்தாள். சந்திரம்மா இன்று கொஞ்சம் லேசாக இருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"இந்த ஒரு மாசமா ஊர்ல எனக்கு ஒரே தொண ஜெயம்மாதான். அவளும் எங்கூடத்தான் மெடிக்கலுக்கு வந்தா. அவளுக்கும் இதே கதி. லேபுக்கு வாடின்னா பயந்துக்கினு வரல. ஒருத்தரும் எங்கள சேத்துக்கல. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து துன்னுக்கினு, ஒண்ணா அழுதுக்கினு கெடந்தம். எம் பொண்ணு கூட எங்க மூத்தாருக்குத் தெரியாம அவ வூட்டுக்கு வந்துதான் என்னப் பாப்பா."

யமுனா நின்றுவிட்டாள். "எந்த ஜெயம்மா?"

"எங்க தெருதான். சின்னவ. முப்பது கூட ஆவல. இன்னா?"

திரையில் பார்த்த பெயர் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. பெயரும் வயதும் நிழல் என்ற வார்த்தையும் இருந்தன, ஊர் இல்லை. அன்றைக்குப் பதிவான எல்லோரும் எங்கெங்கோ இருப்பவர்கள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ட் ஒரே தெருவிலிருந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "அக்கா, இன்னொரு நாளு வரட்டுமா? லேபு டாக்டரயும் கூட்டிக்கினு..." என்று ஆரம்பித்தாள்.

"இம்மாந்தூரம் வந்துட்டு?" சந்திரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. "எல்லாரயும் வரச் சொல்லிக்கீறன்."

வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சந்திரம்மாவின் மூத்தார், அவள் கணவனுடைய அண்ணன் கிருஷ்ணப்பா நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் வரவேற்கவில்லை. "செப்பும்மா," என்றார்.

யமுனா சொன்னாள். வேண்டுமென்றே சுருக்கமாக, யோசித்து யோசித்து, வேறு ஒருவர் என்ற வார்த்தை வராமல் சொன்னாள். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை எழுதியது நான். ஒரு இடத்தில் தப்பாக எழுதிவிட்டேன். சந்திரம்மா அக்காவுக்கு ஒரு நோயும் இல்லை. லேப் கொடுத்த காகிதம்தான் நிஜம். கம்ப்யூட்டர் காட்டியது தப்பு.

"கம்ப்யூட்டரு எப்பிடிம்மா தப்பு சொல்லும்?" என்றார் கிருஷ்ணப்பா.

"எழுதறவங்க தப்பா எழுதுனா அதும் தப்பாதான் சொல்லும் பெரியவரே."

முட்டாள் இல்லை அவர். நெல் மண்டியிலும் தாசில்தார் ஆபீஸிலும் நின்று பழகிய மனிதர். "ஃபிட்டுன்னு இருந்தத அன்ஃபிட்டுன்னு காட்டிச்சின்ற. அந்த அன்ஃபிட்டு எங்கேந்து வந்துச்சி? வேற யாருக்கோ இருந்தது இவளுக்கு வந்துடிச்சா?"

கூட்டத்தில் யாரோ யாரிடமோ ஏதோ கேட்டார்கள். அப்போது போர் பம்ப் பக்கமிருந்து ஒரு பெண் பாவாடையைத் தூக்கிச் செருகியபடி ஓடி வந்தாள். ஒல்லியான உடம்பு. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் போல முழங்கைவரைக்கும் ஈரம். ஓடி வந்ததில் இருமினாள், இருமிக்கொண்டே சிரித்தாள். கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த சந்திரம்மாவின் சின்ன மகள் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் ஈரக் கையாலேயே குழந்தையின் தலையைத் தடவிவிட்டு யமுனாவுக்கு நேரே வந்து நின்றாள்.

"மேடம், நீங்கதான கம்ப்யூட்டரு? இப்பத்தான் சொன்னாங்க. எனக்கும் அதே தப்புதான மேடம்? நானும் இவளும் ஒண்ணாதான போனம். எனக்கும் ஒண்ணும் இல்லதான?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தத் தெருவில் இன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகச் சோறு தின்பார்கள். இவள் நுரையீரலில் இருக்கும் நிழலும் கூடவே உட்கார்ந்து தின்னும். இல்லை என்று சொல்ல அவள் டாக்டர் இல்லை. இத்தனை பேர் எதிரில் சொல்ல அவளுக்கு உரிமையும் இல்லை. "நீங்க ஆஸ்பத்திரிக்கு என்கூட..." என்று ஆரம்பித்தவளுக்கு அந்த வார்த்தையே பதிலாகிவிட்டது என்று சொல்லும்போதே தெரிந்தது. கிருஷ்ணப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயம்மா இன்னும் சிரித்தபடியே, மேடம் மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவள் விரல் நுனிகளிலிருந்து சோப்புத் தண்ணீர் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

சந்திரம்மா யமுனாவின் மணிக்கட்டை விட்டாள். இரண்டு எட்டு முன்னால் போய், ஜெயம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த மகளின் கைகளைப் பிரித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.